கறை எண்ணும் வேலை

காலை எட்டரைக்குக் கூரைக் கதவைத் தள்ளுவேன்.
துருவேறிய சக்கரம் ஒருமுறை முனகும்.
குழாய் வழியே இறங்கிவரும் சூரியன்
மேசைத் தாளில்
சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு விழும்.

கறுப்பாக எது தெரிந்தாலும் உடனே வரைந்துவிடக் கூடாது.
தாளை லேசாக அசைக்க வேண்டும்.
தாளோடு நகர்ந்தால் தூசி.
நகராமல் நின்றால் சூரியனுடையது.
முப்பத்தொரு வருடமாக இதற்குத்தான் சம்பளம்.

டாட்சியோ மேலேறி வந்தபோது
அவன் காலணியில் சேறு.
டிச்சினோ மலையில், ஜனவரி இருபதில், சேறு.
பனிச்சறுக்கு இழுவைக் கம்பியை நிறுத்தி மூன்று வருடம்.
நாற்காலிகளும் ஏலம் போயின.
ஒன்றை மிலானோக்காரர் ஒருவர்
தோட்டத்தில் ஊஞ்சலாகத் தொங்கவிட்டிருக்கிறாராம்.

"எல்லாம் உன் சூரியன் செய்தது, ஃபியோரென்சா" என்றான்.
"கொதிக்கிறதாமே."

இழுப்பறையைத் திறந்து 2009-ஐ எடுத்துப் போட்டேன்.
பக்கம் பக்கமாக வெறும் வட்டம்.
தேதி, நேரம், என் கையெழுத்து,
எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம்.
அந்த வருடம் எனக்குப் பென்சில் செலவே இல்லை.
"இவ்வளவு சும்மா இருந்ததை நான் பார்த்ததில்லை" என்றேன்.

துள்ளி எழுந்தான்.
"அந்தக் குளிர்காலம்தானே பனி கூரையைத் தொட்டது!
என் வாழ்க்கையின் நல்ல பருவம் அது!
நீயே ஒப்புக்கொள்கிறாய்!"

பனி தொட்டது உண்மைதான்.
நானே மண்வெட்டியோடு ஜன்னல் வழியாக வெளியேறினேன்.
ஒரே ஒரு குளிர்காலத்தின் வாக்குமூலத்தை வைத்து
தீர்ப்பு எழுதலாமென்றால்
எனக்கும் ஆசைதான்.

சூரியன் குற்றவாளியானால் எவ்வளவு வசதி!
பதினொரு வருடத்துக்கொரு முறை ஏறும், இறங்கும்.
காத்திருந்தால் போதும்.
வீட்டு எண்ணெய்க் கொதிகலனை மாற்ற வேண்டாம்.
யாரும் யாரையும் பார்த்துக்
கண்ணைத் தாழ்த்த வேண்டாம்.

அடுத்த இழுப்பறை, குவால்தியேரோவின் கை:
எண்பதுகளின் முடிவு.
அம்மை போட்ட முகம்போல ஒவ்வொரு தாளும்.
அதன்பின் வந்த உச்சம் எதுவும் அந்த உயரம் எட்டவில்லை.
சூரியனின் மொத்த ஏற்ற இறக்கமே
ஆயிரத்தில் ஒரு பங்கு.
சுவரில் தொங்கும் வெப்பமானிக் கோடோ
இதைக் கேட்காமல்
தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அவன் பார்த்தான். நம்பினானா தெரியாது.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு தானாகவே பேசினான்.
"பகலைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை.
பகலில் பனி இளகும், எப்போதும் உள்ளதுதான்.
கைவிட்டது இரவு.
பனி பீரங்கிக்குப் பக்கத்தில்
கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
மைனஸ் மூன்றுக்கு இறங்கினால்தான் தண்ணீர் பனியாகும்.
முன்பு இரவு பத்துக்கே இறங்கும்.
அப்புறம் நள்ளிரவு ஆனது.
அப்புறம் மூன்று மணி.
கடைசி வருடம் விடியும்வரை..."

அங்கே நின்றுபோனது பேச்சு.
மேசைமேல் கிடந்த ஒளித் தட்டைப் பார்த்தான்,
சந்தேகத்தில் பிடித்து அடைத்தவனை
விடுவிக்க வந்த காவலனைப்போல.

"ராத்திரி மூன்று மணிக்கு
இது எங்கே இருந்தது?"

நான் சொல்லவில்லை.
அவனுக்குத் தெரியும்.
பகலில் வந்த சூடு திரும்பிப் போகாதபடி
கதவைச் சாத்தியது யார் என்பதையும்
நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
என் காரும்தான் வாசலில் நின்றது.

கிளம்பும்போது குனிந்து
விளிம்போரம் ஒரு கறுப்பைத் தொட்டான்.
"இது?"
"அசைத்துப் பார்."
தடித்த விரல்களால் தாளை அசைத்தான்.
புள்ளி நகரவில்லை.
"சரி, இது இதனுடையதுதான்" என்றான்.
"இது மட்டும்."

அவன் டீசல் வண்டி மூன்றாவது முயற்சியில் உயிர்பெற்று
புகை கக்கி வளைவில் மறைந்தது.
மேகம் வருமுன் எண்ணி முடித்தேன்:
குழுக்கள் நான்கு, புள்ளிகள் பத்தொன்பது.
குறிப்புக் கட்டத்தில்:
காற்று நிலையில்லை.
பார்வையாளர் ஒருவர்.